உடைந்த மூலை சுவர்ப் பக்கம்

என் அத்தை டைல்ஸ் போடுபவர். பதினொரு வருடமாக யார் யார் வீட்டுக் குளியலறையிலோ முழங்காலிட்டு வேலை செய்கிறார். ஆனால் ஒரு வேலைகூட அவர் பெயரில் இருந்ததில்லை. மேஸ்திரி பேர் வாங்குவார், அத்தை முழங்கால் வலி வாங்குவார்.

புதிதாகக் கட்டும் ஒரு ஆஸ்பத்திரியில் இருபது குளியலறைகளுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதல்முறையாகத் தன் பெயரிலேயே விண்ணப்பம் எழுதி நேரில் கொடுத்துவிட்டு வந்தார். 'செய்த வேலையின் படங்களை, விண்ணப்பத்தில் உள்ள மின்னஞ்சலிலிருந்தே வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் அனுப்பவும்' என்று இன்ஜினியரிடமிருந்து பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு நான் போனபோது, பாதி வேலை முடிந்த ஒரு சமையலறையில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து அத்தை போனைக் குத்திக்கொண்டிருந்தார். மாமா வேனிலிருந்து டைல்ஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"மெதுவா அமுக்கு. அது என்ன காலிங் பெல்லா?" என்றார் மாமா.

"உங்க வேலையப் பாருங்க. இது போகவே மாட்டேங்குது."

போன் பழசு. மின்னஞ்சல் ஆப் வைக்க அதில் இடமில்லை. இருந்த இடமெல்லாம் தரைப் படங்கள். அதனால் அத்தை பிரவுசரில்தான் மெயிலைத் திறப்பார். எட்டுப் படங்களையும் சேர்த்து, கடிதத்தையும் அழகாகத் தட்டியிருந்தார். அனுப்பும் பொத்தான் வலது மேல் மூலையில் இருந்தது. அந்த மூலையில்தான் எப்போதோ ஒரு டைல் விழுந்து விரிசல் விட்டிருந்தது. அங்கே தொட்டால் போனுக்கு உணர்வே இல்லை.

"என் போன்ல உங்க மெயிலத் திறக்கலாம் அத்தை. பாஸ்வேர்டு சொல்லுங்க."

"அது எனக்கு எங்க தெரியும்? போனுக்குத்தான் தெரியும்."

புதிய பாஸ்வேர்டு கேட்டுப் பார்த்தேன். உறுதி செய்யும் எண் மாமாவின் பழைய சிம்முக்குப் போனது. அந்த சிம் எங்கே போனது என்று மாமாவுக்கே தெரியாது.

"ஒரு சிம்மக்கூட ஒழுங்கா வச்சிக்கத் தெரியல" என்று அத்தை ஆரம்பித்தார். மாமா பெட்டி எடுக்கும் சாக்கில் வெளியே நழுவினார்.

மணி மூன்று ஐம்பது. அத்தை போனைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மூலை உடைந்த டைலை அவர் அப்படித்தான் பார்ப்பார். அதைத் தூக்கி எறிய மாட்டார். உடைந்த மூலை சுவர்ப் பக்கம் போய் மறையும்படி திருப்பிப் போட்டுவிடுவார்.

"இதையும் திருப்பிப் போட்டா என்ன?" என்றார்.

போனைக் குறுக்காகப் பிடித்தார். திரை திரும்பவில்லை. குனிந்து படம் எடுக்கும்போது அது சுழன்று சுழன்று தொல்லை கொடுக்கிறது என்று எப்போதோ அவரே பூட்டி வைத்திருந்தார். பூட்டை நான் எடுத்துவிட்டேன். திரை படுத்துக்கொண்டது. விரிசல் இடது பக்கம் போய்விட, அனுப்பும் பொத்தான் நல்ல கண்ணாடிக்கு நகர்ந்து வந்தது.

அத்தை விரலைச் சேலையில் துடைத்துவிட்டு ஒரே ஒரு முறை தொட்டார்.

'அனுப்பப்பட்டது.' மூன்று ஐம்பத்து நான்கு.

"போயிருச்சா?" மாமா வாசலிலிருந்தே கேட்டார்.

"போயிருச்சு. இப்ப தைரியமா உள்ள வரலாம்."

மீதிச் சமையலறையை முடித்து, தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. நான் சத்தமாகப் படித்தேன்: 'படங்கள் நன்றாக உள்ளன. திங்கட்கிழமை வந்து ஒரு குளியலறையை மாதிரிக்குச் செய்து காட்டவும். வாசலில் அனுமதிச் சீட்டு எழுத, வேலை செய்ய வருபவரின் முழுப் பெயரை அனுப்பவும்.'

"குடு இங்க" என்று அத்தை போனை வாங்கினார். அதைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் தட்டினார்.