இத்தாலிக்காரர் அழித்த பொட்டு

கோவையில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. இத்தாலியிலிருந்து ஒரு பெரியவர் எங்களிடம் வந்திருந்தார். அவரும் நூலகர்தான். பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களை ஆராய்ந்தே தலை வழுக்கையானவர். வந்த அன்றைக்கே, புத்தகத்துக்குப் பக்கத்தில் தேங்காய் பன் சாப்பிட்டதற்காக என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். "அம்மையீர், எறும்பு வரும்!" செந்தமிழில் திட்டு வாங்குவதும் ஒரு சுகம்தான்.

பெருந்துறையில் ஒரு மில்காரர் வீடு. அவர் காலமாகிப் பல வருஷம். அவர் சேர்த்த புத்தகங்களை எங்களுக்குத் தர அவர் மனைவியைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வீட்டை இடிக்கப் போகிறார்கள். நாங்கள் எடுக்காவிட்டால் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குத்தான்.

"சரஸ்வதி பூஜை முடியட்டுங்க. அதுவரைக்கும் தொடக்கூடாதுங்க" என்றார் அந்த அம்மா. பூஜை முடிந்த மறுநாள் காலையிலேயே பெரியவரோடு போய் நின்றேன்.

கூடத்தில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். பெரியவருக்குப் பதறிவிட்டது. நான் தடுப்பதற்குள் பையிலிருந்து பஞ்சை எடுத்து முதல் புத்தகத்தைத் துடைத்தே விட்டார்.

"ஏனுங்க, பொட்டை அழிச்சுப்போட்டாரே! நீங்க கெளம்புங்க. புக்கு ஒண்ணும் தர முடியாதுங்க."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சந்தனத்தின் ஈரம் தாளை அரிக்கும், அம்மையீர். நான் தவறு செய்தேனா?" என்றார் பெரியவர்.

அம்மாவின் குரல் இறங்கியது. "உங்களுக்குத் தெரியாதுங்க. அவரு போனப்ப என்ர பொட்டை அழிச்சுப்போட்டாங்க. அவரு புக்குக்காச்சும் இருக்கட்டும்னு வருஷா வருஷம் நான்தான் வெக்கறனுங்க."

பெரியவர் பஞ்சைப் பைக்குள் வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மடித்து, துடைத்த புத்தகத்துக்கு அளவாக உறை போட்டார். பூஜைக்கு வைத்திருந்த குங்குமச் சிமிழை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "இதன்மேல் இடுங்கள். இனி யாரும் அழிக்க மாட்டார்கள்."

அம்மா வைத்தார். "அப்ப எல்லாத்துக்கும் சட்டை போடோணுமுங்களா?"

"போடுவோம்."

போட்டது யார்? நான்தான். சாயங்காலம் வரை தாள் மடித்து இடுப்பு ஒடிந்தது. நடுவில் அரிசி பருப்புச் சாதமும் நெய்யும் வந்ததால் மன்னித்தேன்.

கடைசிப் புத்தகத்துக்கும் வைத்த பிறகு அம்மாவின் விரலில் கொஞ்சம் குங்குமம் மிச்சமிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பீரோக் கண்ணாடிப் பக்கம் திரும்பி, நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டார்.

"வண்டி வந்துருச்சுங்களா?" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

இந்த முறை பெரியவர் பஞ்சை எடுக்கவில்லை.