ஏழுமலைக்கு மூச்சு கொடுத்த நாலு நாள்

ஐ.சி.யு.வில் ஆயா வேலை என்றால் பாதி துடைக்கிற வேலை, பாதி வாயை மூடிக்கொண்டு இருக்கிற வேலை. முதல் பாதி எனக்கு நன்றாகவே வரும். இரண்டாவது பாதி, பத்தொன்பது வருஷமாகியும் பழகவில்லை.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் எதுக்கு? வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கதவில் இருக்கிற வட்டக் கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து சுளுக்கினவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நீங்கள் கதவுக்கு வெளியே பட்ட பாட்டை நாங்கள் கதவுக்கு உள்ளே பட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

முதல் கேள்வி எனக்குத்தான்

பெரிய டாக்டர் வெளியே வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வாளியும் மாப்புமாக நான் வந்தால் போதும், சுற்றி வளைத்துக்கொள்வார்கள். டாக்டர் சொன்னால் புரியாது, ஆயா சொன்னால் புரியும் என்று ஒரு நம்பிக்கை. டாக்டருக்கு எல்லாம் தெரியும், எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு ஏழுமலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமம். சிறுசேரி கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் டிரைவர், நாற்பது வயசிருக்கும். புழுக்கத்துக்குத் தரையில் பாய் போட்டுப் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. எறும்பு என்று நினைத்துச் சொறிந்துவிட்டுத் தூங்கிவிட்டார். விடிந்து பார்த்தால் இமை திறக்கவில்லை, பேச்சு குழறுகிறது. எங்களிடம் வரும்போது மூச்சு நிற்கப் போகிற கட்டம். தொண்டையில் குழாய் போட்டு, விஷமுறிவு ஊசி ஏற்றிப் படுக்க வைத்தார்கள். அவர் சம்சாரம் செல்வி கதவருகில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"ஆயாம்மா, பொய் சொல்லாத. உசுரு கீதா, இல்ல சும்மா உடம்புக்கு ஊசி போட்டுகினு கீறாங்களா?"

கால் கட்டைவிரல்

டூட்டி டாக்டரம்மா சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செல்வியைக் கூப்பிட்டுக் கட்டில் பக்கத்தில் நிறுத்தினார். "இந்த விஷம் உடம்பைத்தான் கட்டிப் போடும். உள்ள அவர் முழிச்சிக்கிட்டுதான் இருக்காரு. நாம பேசுறது எல்லாம் கேட்குது. விஷம் இறங்குற வரைக்கும் நாம அவருக்காக மூச்சு விடணும். விட்டுட்டே இருந்தா பிழைச்சிடுவாரு. நிறுத்தினா இல்ல."

கண் மூடிக் கட்டை மாதிரிக் கிடக்கிற ஆளைக் காட்டிக் கேட்குது என்றால் யார் நம்புவார்கள்? செல்வி என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா கால்மாட்டுக்குப் போய், "ஏழுமலை, நான் பேசுறது கேட்டா வலது கால் கட்டைவிரலை அசைங்க" என்றார். ஓர் அரிசி அகலத்துக்கு விரல் அசைந்தது. நான் ஸ்தோத்திரம் சொன்னேன். செல்வி குனிந்து புருஷன் காதில் சொன்ன முதல் வார்த்தை:

"வேன் சாவிய எங்க வெச்சிகீற? ஓனரு காலைலேருந்து போன் பண்ணிகினே கீறாரு!"

எத்தனை பாயிண்ட்?

மூச்சு விடுகிற மெஷின் எங்களிடம் ஆறு. அஞ்சு ஆளோடு இருந்தது, ஒன்று ஏதோ பார்ட்டுக்காகக் காத்திருந்தது. மெஷின் இல்லையென்றால் ரப்பர் பை. தேங்காய் அளவுக்கு இருக்கும். குழாயில் மாட்டி அமுக்கினால் மூச்சு உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து தடவை. பத்துக் கட்டிலுக்கு ரெண்டு சிஸ்டர் என்றால் யார் உட்கார்ந்து அமுக்குவது? வீட்டு ஆள்தான். உங்களிலும் யாராவது அமுக்கியிருப்பீர்கள். முதல் பத்து நிமிஷம் லேசாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் கை நம்முடையதாக இருக்காது.

மத்தியானத்துக்குள் செல்விக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. அப்போதுதான் அவள் அண்ணன் முருகன் வந்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஞ்சர் கடை. கதவு அகலத்துக்கு ஆள், கை முழுக்கக் கிரீஸ். மூன்று வாட்டி சோப்பு போட்டுக் கழுவ வைத்துத்தான் உள்ளே விட்டேன். பையை வாங்கி நாலு அமுக்கு அமுக்கினான், மானிட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மா ஓடி வந்தார். "மெதுவாண்ணா! அது நுரையீரல், லாரி டயர் இல்ல."

முருகன் கோபப்படவில்லை. வேலை கற்றுக்கொள்கிற முகத்தோடு கேட்டான்:

"அதாம்மா கேக்குறேன், எத்தினி பாயிண்ட் காத்து வெக்கணும்? கரெக்டா சொல்லு, வெச்சிடுறேன்."

அழுவதற்கு வந்த பெரியம்மா

மறுநாள் சாயங்காலம் பார்வையாளர் நேரம். ஏழுமலையின் பெரியம்மா ஒருத்தி ஊரிலிருந்து வந்தாள். கதவைத் தாண்டும்போதே தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். "என் ராசா, வேன் ஓட்டுன கை ஓஞ்சி போச்சே" என்று ராகம் எடுத்து, அடுத்த அடிக்கு மூச்சு வாங்கினாள். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். கட்டைவிரல் துடித்த துடிப்பைப் பார்த்தால், அந்த ஆளுக்கு எழுந்து உட்கார முடிந்திருந்தால் பெரியம்மாவை வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பியிருப்பார் என்று தெரிந்தது.

அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். "அவருக்குக் காது கேட்குதும்மா. உயிரோட இருக்கிறவருக்கு இதெல்லாம் பாடுவாங்களா?" என்றேன். முடியை முடிந்துகொண்டே அவள் சொன்னாள்:

"நல்லா கீறான்னா சந்தோசம்தான். ஆனா அம்பது கிலோமீட்டர் பஸ்ல வந்துட்டு அழாம போனா, ஊர்ல என்னைய இன்னா கேப்பாங்க?"

ஸ்டாம்பு சைஸ்

முருகனுக்கும் ஏழுமலைக்கும் ரெண்டு வருஷமாகப் பேச்சில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், முருகன் பையை அமுக்கிக்கொண்டே சொன்னான். எனக்கில்லை, ஏழுமலைக்கு. டாக்டரம்மா, "காது கேட்குது, பேச்சுக் கொடுங்க, பயப்பட மாட்டாரு" என்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

ஏழுமலை மகளின் மஞ்சள் நீராட்டுக்கு மண்டப வாசலில் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். தாய்மாமன் போட்டோ எங்கே இருக்கணும்? நடுவில், பெண்ணுக்குப் பக்கத்தில். நடுவில் இருந்தது கட்சிக்காரர் ஒருத்தர். முருகன் கீழ் மூலையில், ஸ்டாம்பு சைஸில், பிரஸ்காரன் பெயருக்குப் பக்கத்தில். சீர்த்தட்டை மேடையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியவன், அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"இருவத்தோரு தட்டு மாப்ள," ஒரு அமுக்கு. "மேளத்தோட வந்தேன்," ஒரு அமுக்கு. "என் மூஞ்சிய பூதக்கண்ணாடி வெச்சித் தேடிகினு கீறாங்க," இன்னொரு அமுக்கு. எண்ணிக்கை மட்டும் தப்பவில்லை. சிஸ்டர் ஊசி போடுகிற சாக்கில் அங்கேயே நின்றாள், நான் துடைத்த இடத்தையே துடைத்தேன். கடைசியில் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு முருகன் சொன்னான்:

"ரெண்டு வருசத்துல இன்னிக்குத்தான் மாப்ள நான் சொல்றத முழுசா கேட்டுகினு கீற."

ஒரு மெஷின், ரெண்டு பேர்

அன்றைக்கே ஒரு பெரியவர் தேறி வார்டுக்குப் போனார், மெஷின் ஒன்று காலியானது. ஏழுமலைக்கு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் துடைத்து, அவர் கட்டில் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். செல்வி வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள், ரெண்டு நாளில் முதல் டீ.

அப்போது புதுப்பட்டினத்திலிருந்து ஒரு நிறைமாதப் பெண்ணைக் கொண்டு வந்தார்கள். வலிப்பு நிற்கவில்லை, நினைவில்லை, உடனே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கணும். அவளுக்கும் மெஷின் வேணும், அதுவும் இப்போதே. அவள் அம்மா கையில் மீன்கூடைத் துணியோடே ஓடி வந்திருந்தாள். டாக்டரம்மா அந்தப் பெண்ணின் இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு நேராக ஏழுமலை கட்டிலுக்கு வந்து, செல்வியிடமும் அவரிடமும் சொன்னார்: "மெஷின் அந்தப் பெண்ணுக்குப் போகுது. அவளைப் பையில வச்சுக் காப்பாத்த முடியாது. இவரைக் காப்பாத்தலாம், கை ஓயாம இருந்தா."

"எங்களுக்குன்னு சொன்னியேம்மா," செல்வி மெஷின் மேல் கையை வைத்தாள். "கை ஓஞ்சிடுச்சின்னா? யாராச்சும் கண் அசந்துட்டா?" மெஷின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. நான் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. செல்வியும் பார்த்தாள். மெல்லக் கையை எடுத்தாள். முருகன் அமுக்குவதை நிறுத்தாமல் சொன்னான்:

"அவனே சொல்ட்டான் பாரு. மெஷின தள்ளு ஆயாம்மா, எனக்குக் கை கீது."

ஷிஃப்ட்

ஒரு ஜோடி கை எத்தனை நேரம் தாங்கும்? செல்வி ஏழுமலையின் போனிலிருந்து டிரைவர் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். மறுநாள் காலை எங்கள் வாசலில் சிறுசேரி வேன்கள் வரிசையாக நின்றன. வாட்ச்மேன், ஏதோ கம்பெனியே வந்துவிட்டது என்று சல்யூட் அடித்தான்.

கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற மாதிரியே டிரிப் ஷீட் போட்டார்கள். இருபது நிமிஷத்துக்கு ஓர் ஆள். உள்ளே வருகிறவன் கை கழுவி, போகிறவனோடு சேர்ந்து நாலு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையை வாங்கணும், இது முருகன் போட்ட சட்டம். முருகன் அவர்களுக்கெல்லாம் வாத்தியார் ஆகிவிட்டான். ராத்திரிகூட ஆள் குறையவில்லை. வலிப்புக்காரப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்து, மெஷினில் இருந்தபடியே அவளும் கண் விழித்தாள். அவள் அம்மா எல்லாருக்கும் சங்கரா மீன் குழம்பு கொண்டு வந்தாள். வேலு என்று ஒரு டிரைவர், குழம்புக் கையைக் கழுவிவிட்டு வந்து பையைப் பிடித்தபடி என்னிடம் கறாராகச் சொன்னான்:

"ஆயாம்மா, ஒன்னரைக்கெல்லாம் ஆள மாத்திடு. ரெண்டு மணிக்கு எனக்கு லாகின் டிரிப்பு கீது, லேட்டானா கம்பெனிக்காரன் பாம்பு கடிச்சிச்சின்னா நம்ப மாட்டான்."

நீங்களே எடுங்க

மூன்றாம் நாள் இமை திறந்தது. நாலாம் நாள் காலை தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "பையைக் கழட்டிப் பார்க்கலாம்" என்றார். அப்போது அமுக்கிக்கொண்டிருந்தது முருகன். "கையை எடுங்கண்ணா."

எடுக்கவில்லை. நாலு நாளாக ஆயிரக்கணக்கில் அமுக்கின கை. நிறுத்தினால் இல்லை என்று முதல் நாள் சொன்னது அவன் காதிலும் இருந்திருக்கும். நெற்றியில் வேர்வை வழிந்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அவன் டாக்டரம்மாவிடம் சொன்னான்:

"நீங்களே எடுங்கம்மா. என் கையால நான் நிறுத்த மாட்டேன்."

பதில்

டாக்டரம்மா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பையைக் கழற்றினார். ஏழுமலையின் நெஞ்சு ஒரு கணம் சும்மா இருந்தது. அப்புறம் தானாக ஏறியது. இறங்கியது. ஏறியது. செல்வி எண்ணிக்கொண்டே இருந்தாள், இருபதைத் தாண்டியதும்தான் அழுதாள். மத்தியானம் குழாயையும் எடுத்துவிட்டார்கள். ஏழுமலை தொண்டையைச் செருமி முதலில் சொன்னது, "வேலு அமுக்குனா மட்டும் ஸ்பீடு பிரேக்கர் மேல போற மாதிரியே கீது."

ஐ.சி.யு.வே சிரித்தது. திரும்பிப் பார்த்தால் முருகனைக் காணவில்லை. வெளியே செருப்பு வைக்கிற இடத்தில் குந்தியிருந்தான். "என்னப்பா இங்க?" என்றேன். "அவன் படுத்துகினு கீறப்போ எல்லாத்தையும் பேசிட்டேன் ஆயாம்மா. இப்போ பதில் சொல்லுவான்ல, பயமா கீது." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கட்டில் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். நான் மாப்பை எடுத்துக்கொண்டு அங்கேயே துடைத்தேன், வேறென்ன செய்ய?

ஏழுமலைக்குக் குரல் காற்றாகத்தான் வந்தது. "பேனரு பிரஸ்காரன் பண்ண வேல மச்சான். நான் பாக்காதது தப்புதான். ஆனா அன்னிக்கு மொத பந்தியில உனக்குப் போட்ட எலைல, கடைசி பந்தி வரைக்கும் ஒருத்தரையும் உக்கார வுடல நான்." முருகன் நிமிர்ந்தான். கண் நிறைந்திருந்தது, வாய் மட்டும் சண்டைக்கு வந்தது. "அத அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல? ரெண்டு வருசமா வாயில இன்னா வெச்சிகினு இருந்த?" நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்த மூச்சையெல்லாம் ஒன்றாகக் கூட்டி ஏழுமலை சொன்னார்:

"நீ எங்க மச்சான் என்னைய பேச வுட்ட?"

ஒரு மனுஷனுக்கு மூச்சு வாங்கிக் கொடுக்க இத்தனை பேர் கை ஓயப் பாடுபடுகிறோம், அது வந்து சேர்ந்ததும் அவன் அதை முதல் வேலையாக மச்சானோடு வாதாடத்தான் செலவழிக்கிறான் என்றால், ஆள் பூரணமாகக் குணமாகிவிட்டான் என்று டாக்டர் இல்லாமலே இந்த ஆயா எழுதிக் கொடுத்துவிடுவாள்.