மாலை போட்ட வீட்டில் ஹேம் சூப்

எனக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. இரண்டாவது தங்கியிருக்கிறது என்று உறுதியான அன்றே, அந்தக் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவதாக என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டார். நான் என் பங்குக்குப் பயப்பட ஆரம்பித்தேன். படியிறங்கினால் பயம், தும்மினால் பயம். வயிற்றுக்குள் அசைந்தால் ஏன் இப்படி அசைகிறது என்று பயம். அசையாவிட்டால் சொல்லவே வேண்டாம். லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் என்னைப் பார்த்தால் சிரிப்பு. சிரிக்கிறவர்களை எனக்கு அப்போது கண்ணில் காட்டக்கூடாது.

நாங்கள் இருந்தது கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர் துரை பங்களாவில் சமையல். துரை எல்லாம் எப்போதோ போய்விட்டார். இப்போது அது கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் தங்கும் விடுதி. மாலை போட்ட பிறகும் அவர் அங்கே கோழியும் மாடும் சமைத்துக்கொண்டுதான் இருந்தார். தொழிலுக்குத் தோஷமில்லை என்று குருசாமி சொல்லிவிட்டார். ஆனால் நாக்கில் வைக்கக்கூடாது. உப்புப் பார்ப்பதற்கு அங்கே இன்னொரு ஆள் இருந்தார்.

வீட்டிலோ எல்லாம் சுத்தம். இரண்டு வேளையும் பச்சைத் தண்ணீரில் குளியல், கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், தனிப்பாய். அந்த மார்கழிக் குளிரில் அவர் தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டாலே எனக்குப் பல் கிட்டிவிடும். அவரை நான் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். கட்டினவனைச் சாமி என்று கூப்பிட்டுக்கொண்டு, அவருக்குப் பருப்பும் கீரையும் ஆக்கிப் போட்டுக்கொண்டு, நானும் அதையே தின்றுகொண்டிருந்தேன். எங்கள் அடுப்பில் மீனோ இறைச்சியோ ஏறவில்லை.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் என்னை நிறுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எடை ஏறவில்லை, இரத்தமும் குறைவு. "இந்த விரதம் எல்லாம் ஐயாவோட நிக்கட்டும். நீங்க மீன், எறைச்சி சாப்பிடணும். போன தடவ நடந்தது மறந்துபோச்சா?" என்றார். எனக்கு மறக்கவில்லை. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் வரும் வழியெல்லாம் தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நடந்தார். நான்தான் சொன்னேன், "மல போயிட்டு வந்து பாத்துக்குவோம் சாமி" என்று.

நத்தார் முடிந்து விடுதியில் கிறிஸ்மஸ் கூட்டம் கலைந்தது. மிஞ்சிய சாப்பாட்டை வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். மாலை போட்ட நாளிலிருந்து தன் பங்கை யாருக்காவது கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவர், அன்று ஒரு கையில் பார்சலும் மறு கையில் ஒரு மின்சாரச் சட்டியுமாக வந்து நின்றார். பார்சலில் எலும்போடு ஹேம் துண்டு, உப்பில் பதப்படுத்திய பன்றி இறைச்சி. சட்டிக்கு ஸ்லோ குக்கர் என்று பெயர். மூடியில் விளிம்பு உடைந்ததால் விடுதிக்காரர்கள் கழித்துவிட்டார்களாம்.

"இத அடுப்புன்னு யாரும் சொல்ல முடியாது," என்றார். "நெருப்பு இல்ல, பொக இல்ல. வெறும் கரண்டு. வூட்டுக்குள்ளயும் வைக்கப்போறதில்ல."

"சாமி குத்தம் ஆயிருங்க. எனக்கு வேணாம்."

"மால யாருக்காகப் போட்டேன்? நீ தின்னாம கெடந்து அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எதுக்கு மலைக்குப் போகணும்?"

 உண்மையைச் சொன்னால், ஹேம் வாசனைக்கு அப்போதே எனக்கு வாயூறிவிட்டது.

மறுநாள் விடியற்காலையில், குளிப்பதற்கு முன்பே, விறகுக் கொட்டகையில் பலகை போட்டுச் சட்டியை வைத்தார். கரண்டுக்கு ஜன்னல் வழியாக வயர் இழுத்தார். விதைக்காகக் காயவைத்திருந்த சிவப்பு பீன்ஸ் விதையை, எங்கள் பேச்சில் போஞ்சி விதையை, முதல் நாள் இரவே ஊறப்போட்டிருந்தார். அதைத் தண்ணீர் வடித்துக் கொட்டினார். மேலே கேரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, நாலு பல் பூடு, மிளகு. நடுவில் அந்த எலும்பை நிறுத்தி வைத்தார். தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு, உடைந்த இடத்தில் ஒரு துணியை மடித்துச் செருகினார். பங்களாவில் வெள்ளைக்காரர்களுக்கு இந்த மாதிரிச் சூப் வைத்திருக்கிறார். அங்கே தகர டின்னில் வருகிற போஞ்சி விதைதான் போடுவார்களாம். நம்முடையது அதைவிட ருசி என்றார். "மூடியத் தொறக்காத. அது பாட்டுக்கு வேகும்." பிறகு குளித்துவிட்டு வேலைக்குப் போனார்.

எனக்கு அன்று லீவு. கொட்டகைப் பக்கம் போகவும் பயம், போகாமல் இருக்கவும் முடியவில்லை. சட்டி கொதிக்கவே இல்லை. ஒரு குமிழி கிடையாது. மூடிக்கு உள்ளே வேர்த்து வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்ததே தவிர, சத்தம் இல்லை. வீட்டில் இதே விதையை அவித்தால் விறகடுப்பில் தளபுளவென்று பொங்கி அடுப்பையே நனைத்துவிடும். இது ஏதோ வெள்ளைக்காரச் சங்கதி, இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் ஓடி வந்தார். மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எலும்பிலிருந்து இறைச்சி தானாகக் கழன்று கிடந்தது. அவர் கரண்டியால் ஒரு விதையை எடுத்துச் சட்டி விளிம்பில் வைத்து அழுத்தினார். தோல் பிரிந்தது. "வெந்துருச்சு," என்றார். வேறு நாளாக இருந்தால் வாயில் போட்டுப் பார்த்திருப்பார். எந்தச் சமையற்காரனும் முதலில் செய்கிற காரியம் அதுதான்.

கொட்டகையிலேயே பலகையில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தேன். வாரக்கணக்கில் கீரை தின்ற வாய். விதை மட்டும் பல்லில் நறுக்கென்று கடிபட்டது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அவர் எட்டி நின்று நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் அப்படிப் பூரித்து நான் கண்டதில்லை. திரும்பவும் ஒரு முறை குளித்துவிட்டுப் போனார்.

பின்னேரம் முதலில் வாயில் எச்சில் ஊறியது. அப்புறம் வாந்தி. சாதாரண வாந்தி இல்லை. குடலைப் பிடுங்கி வெளியே போடுகிற வாந்தி. கூடவே அடிவயிற்றைப் பிசைந்தது. விட்டு விட்டுப் பிசைந்தது. அந்த விட்டு விட்டு வருகிற வலியை எனக்குத் தெரியும். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்தினேன். பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா ஓடி வந்தார். ஓடி வந்தவர் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"மால போட்ட வூட்டுல என்னா ஆக்குனீங்க?"

நான் கொட்டகையைக் கை காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அடிப்பாவி, சாமி குத்தம்டீ," என்று சொல்லிவிட்டு, பாவம், என் தலையையும் பிடித்துக்கொண்டார். அவரே ஆள் அனுப்பி என் வீட்டுக்காரரை வரவழைத்தார்.

வந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பித் தோட்டத்துக் கோயிலுக்கு ஓடினார். கற்பூரம் கொளுத்த! எனக்கு வந்த கோபத்தில் வலிகூட ஒரு நிமிடம் நின்றது. "ஆட்டோவக் கூப்பிடுங்க சாமி! கற்பூரத்த நான் செத்த பொறகு கொளுத்துங்க!" என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். அவர் நெற்றி நிறைய விபூதியோடு ஓடி வந்து, என் நெற்றியிலும் ஒரு கை பூசினார். அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் இருந்ததைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் போய் வெறும் பயம் மட்டும் மிஞ்சியது.

தோட்டத்தில் ஆட்டோ வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர்தான் மலைக்குப் போகும் கூட்டத்துக்குக் குருசாமி. என் வீட்டுக்காரர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டவரும் அவரே. ஏறின உடனே கேட்டார், "என்னா சாமி சாப்பிட்டாங்க?"

"சோறும் பருப்பும் சாமி," என்றார் இவர்.

 பாலித்தீன் பைக்குள் முகத்தை வைத்திருந்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் வேண்டுதலே இந்தப் பிள்ளைக்காக. வேண்டுதல் கெட்டுவிட்டது என்று குருசாமி வாயால் சொல்லிவிட்டால், அதோடு பிள்ளையும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லாமல் இருக்கும்வரை ஏதோ பாக்கி இருக்கிறது. இன்று யோசித்தால் பைத்தியக்காரத்தனம். அன்று அதுதான் கணக்கு.

பனி இறங்கியிருந்தது. ஒரு வளைவில் மேட்டுமண் சரிந்து பாதி ரோட்டில் கிடந்தது. குருசாமி சரணம் சொல்லிக்கொண்டே பள்ளத்தின் ஓரமாக ஊர்ந்தார். நான் வயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அசை, ஒரு தடவை அசை என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்றுமே அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் நேரே பிரசவ வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூடவே வந்தவர் வார்டு வாசலில் கட்டிப்போட்டது போல நின்றுவிட்டார். பிள்ளை பெற்ற தீட்டு உள்ள இடம். மாலை போட்டவர்கள் உள்ளே கால் வைக்கக்கூடாது. கதவுக்கு அந்தப் பக்கம் கறுப்பு வேட்டியின் ஓரம் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் குருசாமியின் கறுப்பு வேட்டி. நான் தனியாகக் கிடந்தேன்.

நர்ஸ் ஒரு சின்ன மெசினை வயிற்றில் வைத்துப் பார்த்தார். நான் ஓங்கரித்து ஓங்கரித்துப் புரண்டதில் அவருக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. அவர் டொக்டரைக் கூப்பிட்டார். இளம் சிங்களப் பெண். தோட்டத்து நோயாளிகளோடு பேசிப் பேசிப் பழகிய தமிழ்.

"என்ன சாப்பிட்டீங்க அம்மா?"

வாயைத் திறந்தேன். வாந்திதான் வந்தது. வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது: "சோறும் பருப்பும் டொக்டர்."

டொக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கார்டைப் புரட்டிப் போன தடவை நடந்ததைப் படித்தார். நர்ஸிடம் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் பேசினார். எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்திருப்பார். வலி தொடங்கிவிட்டால் இந்த மாதத்தில் பிள்ளையைக் காப்பாற்ற இங்கே வசதி இல்லை, காரணம் தெரியவில்லை, கண்டிக்கு அனுப்ப வேண்டும், ரோட்டில் மண் சரிந்திருக்கிறது. ஒரு சொல் விடாமல் விளங்கியது. வாசலில் நின்றவருக்கும் விளங்கியிருக்கிறது.

ஈரக் கால் தரையில் படும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் வார்டுக்குள், என் கட்டிலருகே நின்றார். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. வெளியே குருசாமி "சாமி! சாமி!" என்று கூப்பிட்டார்.

"ஹேம் சூப்பு டொக்டர்," என்றார், வாசலுக்கும் கேட்கிற மாதிரி. "செவப்புப் போஞ்சி வெத போட்டு நான்தான் ஆக்குனேன். நான்தான் குடுத்தேன்."

"வெதைய நல்லாக் கொதிக்க வச்சீங்களா?"

"அந்தச் சட்டியில கொதிக்காது. சூடு மட்டுந்தான்."

"நீங்க ருசி பாக்கலியா? வேகாதது வாயில தெரியுமே."

அவர் மாலையைத் தொட்டுக் காட்டினார். டொக்டர் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, முதல்லயே சொல்லியிருக்கலாமே. அந்த வெதைக்குள்ள ஒரு நஞ்சு இருக்கு. தளதளன்னு கொதிச்சாத்தான் போகும். லேசான சூட்டுல போகாது." சேலைன் ஏற்றச் சொன்னார். வாந்தி தானாக நிற்கும், வலியும் பெரும்பாலும் குடல் வலியாகத்தான் இருக்கும் என்றார். "ஆனா பிள்ளையப் பாக்கணும்," என்றார்.

ஸ்கேன் மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி டொக்டர் தேடினார். கரகரவென்று இரைச்சல். இன்னும் கீழே. இரைச்சல். டொக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு காரியம்தான் செய்யத் தோன்றியது.

"சாமி, வெளிய போங்க," என்றேன். "தீட்டுல நிக்காதீங்க. எல்லாம் கெட்டுப்போகும். போங்க சாமி."

"சாமின்னு கூப்பிடாத புள்ள," என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

கார்த்திகை முதல் நாளிலிருந்து என் விரல் நுனியைக்கூடத் தொடாதவர் என் கையைப் பிடித்தார். 

இரைச்சலுக்குள் இருந்து அந்தத் துடிப்பு வந்தது. தையல் மெசின் ஓடுவது போல, வேகமாக, விடாமல்.

"இது இவளோடதா, பிள்ளையோடதா டொக்டர்?"

"பிள்ளையோடது."

"நிக்காதுல்ல?"

"இப்ப நல்லா ஓடுது," என்றார் டொக்டர். அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? அவர் கருவியை எடுக்கப் போனார். கருவி வயிற்றை விட்டு விலகியதும் சத்தம் நின்றது.

"எடுக்காதீங்க டொக்டர்," என்றார் என் வீட்டுக்காரர். "இன்னுங் கொஞ்ச நேரம் வச்சிருங்க."