கமாக்காரர் வீட்டு வாசிப்பு

பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெருவில் கமாக்காரர் என்று பெயர். அச்சகத்தில் பிழை திருத்திக் காலம் தள்ளியவர். ஒருத்தர் உரக்க வாசிக்க, இவர் அச்சுத்தாளில் திருத்துவார். வாசிக்கிறவரின் மனசு எங்கேயாவது மேயப் போனால் குரலிலேயே பிடித்துவிடுவார். சர்க்கரை வியாதி அவர் கண்ணைப் பறித்த பிறகு அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள்தான் தினமும் பேப்பர் வாசித்துக் காட்டுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் எனக்குக் கேட்கும்.

“கமா எங்கடி போச்சு? நீ எங்க போன?”

“அடுப்புல பால் வச்சிருக்கேங்க.”

“அப்ப பாலையே படி!”

நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

போன வருடம் திட்டு நின்றுபோனது. அக்கா ஒரே செய்தியை மறுபடி மறுபடி வாசித்தாள், அவரோ, “ம், அப்புறம்?” என்றார். அவள் மாடியில் துணி காயப்போடும்போது போய் அண்ணனிடம் கேட்டேன்.

“அவளுக்கு மறதி முத்திடுச்சும்மா. பையன் காதுல போட்டுடாத. அவளை ஒரு இல்லத்துல, என்னை ஒரு இல்லத்துல தள்ளிடுவான். இடமெல்லாம் பார்த்து வச்சிருக்கான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சர்க்கரைக்கு மாத்திரை கொடுப்பதும் அக்காதான். அட்டையில் இருக்கும் பெயரை உரக்க வாசிப்பாள். அவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டினால்தான் நகர்வாள். மறந்து மறுபடி நீட்டினால், “ஆச்சுடி” என்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

மகன் வந்த அன்று நான் வெளியூரில் இருந்தேன். நடந்ததைப் பிறகு அவன்தான் சொன்னான்.

“அம்மா மூணு தடவை மாத்திரை கொடுத்தாங்க. அப்பா பேசாம வாங்கி முழுங்கினார். வேற வேற மாத்திரைன்னு நினைச்சேன்.”

“ஒரே பேரைத்தானேடா வாசிச்சிருப்பா! காதை எங்க அடகு வச்ச?”

“போன்ல ஒண்ணு படிச்சிட்டிருந்தேன்.”

பாவி! அவன் எதிரில் “ஆச்சுடி” என்றால் குட்டு உடைந்துவிடும் என்றுதான் அந்த மனுஷன் மூன்றையும் விழுங்கியிருக்கிறார்.

மறுநாள் காலை நான் ஊரிலிருந்து வந்து எட்டிப் பார்த்தபோது மகன் கிளம்பிப் போயிருந்தான். அண்ணன் கட்டிலில் விறைத்துக் கிடந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறையிட்டாள்.

“இவர் மனசு இங்க இல்லடி. ஒரு ‘ம்’கூடக் கொட்டல. எங்க போனீங்கன்னு நீயாவது கேளு.”