ஓடைக்கரை வேப்பிலை

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறையைப் பொடித்துத் தங்கம் பிரிப்பதற்குச் சயனைடு என்ற விஷத்தைத் தண்ணீரில் கலந்தார்கள். தங்கம் சீமைக்குப் போகும். கழிவுத் தண்ணீர் காத்தவராயனிடம் வரும். அதைக் குட்டையில் தேக்கி, சேறு படிந்து தெளியும்வரை வெயிலில் போட்டு, பிறகுதான் மதகைத் திறந்து ஓடையில் விட வேண்டும். ஓடை பாலாற்றுக்குப் போகிறது. வழியில் எத்தனை மாடு, எத்தனை மனுஷ வாய்! அவசரப்படக் கூடாத வேலை. காத்தவராயனுக்கு அவசரப்பட்டு எங்கே போக வேண்டும்?

குடியாத்தம் பக்கத்திலிருந்து மனைவி வெங்கடம்மாவோடு வந்தவன். சுரங்கத்தில் அவன் கால் நசுங்கியது. மறுவருஷம் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். நொண்டிக்கு இது போதும் என்று குட்டைக்கரைக் குடிசையில் கொண்டுவந்து போட்டார்கள். விஷக் குட்டைக்காரன் கைபட்ட வெற்றிலையைக்கூடச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யாரும் வாங்க மாட்டார்கள். அவனும் நீட்டுவதை விட்டுவிட்டான். பேச்சுத்துணைக்கு மதகுப் பலகைதான். எவ்வளவு திட்டினாலும் அது கோபித்துக்கொண்டு போகாது.

ஓர் ஆடி மாதம் மழை கொட்டித் தீர்த்தது. குட்டை கரை மீறி, தெளியாத தண்ணீர் ஓடையில் கலந்துவிட்டது. யாரும் அதில் இறங்காமல் காத்தவராயன் தடுத்தாக வேண்டும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் ஒருவரும் படியேற மாட்டார்களே என்று ஒரு யோசனை வந்தது. ஓடைக்கரையில் ஒரு கல்லை நட்டு, அதில் கொத்தாக வேப்பிலையைக் கட்டினான். மகா புத்திசாலி! ஆடி மாதம், ஓடைக்கரை, கல், வேப்பிலை. இதைப் பார்த்து ஒதுங்கிப் போகிற ஊரா அது?

மறுநாள் காலை மஞ்சள் புடவையில் பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் பார்வதம்மா, லைனில் இருப்பவள். இடுப்பில் கூழ்க் கலயம்.

"ஆத்தா எப்போண்ணா இங்க வந்து குந்தினா? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் 'அண்ணா' என்றாளே! அந்த ஒரு வார்த்தைக்கு அவன் விலகி நின்று வழிவிட்டான். கல்லுக்கு மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், குலவையிட்டார்கள். "ஆத்தா ஒங்க கரையிலதான வந்திருக்கா, மொதல்ல நீங்க குடிங்கண்ணா" என்று கலயத்தை அவன் கையில் கொடுத்தாள் பார்வதம்மா. வெங்கடம்மாவுக்குப் பிறகு ஒரு பெண் கையால் வந்த கூழ். குடிக்கக் குடிக்க அழுகை வந்தது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று அவன் மனசு கெஞ்சியது.

பார்வதம்மா சொம்போடு ஓடையில் இறங்கினாள்.

"பொண்ணுக்கு ஜுரம் வுடவே மாட்டேங்குதுண்ணா. ஆத்தா தண்ணிய ஒரு வாய் குடுத்தா எழுந்து ஒக்காந்துடும்."

நொண்டிக் கால் அவனுக்கு மறந்தே போனது. பாய்ந்து போய்ச் சொம்பைத் தட்டிவிட்டான்.

"ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல! விஷத் தண்ணிம்மா. யாரும் எறங்கக் கூடாதுன்னு வேப்பிலைய நான்தான் கட்டினேன்."

பார்வதம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ இன்னாத்துக்குய்யா கூழ வாங்கிக் குடிச்ச?"

பெண்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அவன் வாய் வைத்த கலயத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள். அதன்பின் அந்த ஓடையில் யாரும் இறங்கவில்லை. குட்டைப் பக்கமும் யாரும் வரவில்லை.

கலயத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் குடிசைக்குள் கவிழ்த்து வைத்தான். என்றாவது அவள் வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று, கடைசிவரை அதில் அவன் கஞ்சிகூட ஊற்றிக் குடிக்கவில்லை.