மலையிறங்காத வாத்தியார்

நான் பொய்யன். ஒன்பது ஆண்டுகள் கொல்லிமலையை விட்டு இறங்காத வாத்தியார் என்றுதான் நீங்கள் என்னை அறிவீர்கள். அந்தப் பெயர்தான் என்னை வெள்ளைக்கார சர்க்காரின் டெல்லிச் சட்டசபை வரை கொண்டுபோனது. ஆனால் ஒரு மழைக்காலம்கூட நான் அந்த மலையில் தங்கியதில்லை!

மலைமேல் திருப்புலி நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் மாதமே, மலைக்காய்ச்சலில் ஒரு மனிதன் நடுங்கி நடுங்கிச் சாவதைப் பார்த்தேன். அந்த வாரமே அடிவாரத்துக் காரவள்ளியில் வாடகைக்கு வீடு பிடித்தேன். மழை தொடங்கினால் இறங்கிவிடுவேன். தை பிறந்த பிறகே ஏறுவேன். ஏறியதும் வராத நாட்களுக்கெல்லாம் சேர்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன். கோழை என்கிறீர்களா? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அப்படி நான் கீழே இருந்த ஒருநாள், பள்ளி ஆய்வாளர் மலையேறி வந்துவிட்டார். பள்ளிக்குப் பக்கத்து வீட்டு மலைக்காரப் பெண் வெள்ளச்சிதான் என்னைக் காப்பாற்றினாள்.

"வாத்தியாரு இங்கதானுங்க இருக்காரு. காச்சல்காரங்களப் பாக்கப் பைல் நாட்டுப் பக்கம் போயிருக்காருங்க" என்றாளாம்.

என்மேல் உள்ள பாசத்தாலா? இல்லை. என் வேலை போனால் பள்ளியை மூடிவிடுவார்கள். அவள் மகள் பொன்னி அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

ஆய்வாளர் உருகிப்போய்க் குறிப்பு எழுதினார். பத்திரிகையில் வந்தது. தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள்... மறுத்தேனா? கழுத்தை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டேன்! எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் அடிவாரத்து நிலக்காரர்கள். மலைக்காரர்களுக்கு ஓட்டே கிடையாது.

ஜெயித்து டெல்லிக்குப் புறப்பட்டபோது வெள்ளச்சி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மலைக்கு ஒரு டாக்டரும் கொயினா மருந்தும் கேட்டு வாங்கிக் குடுங்க சாமி. பொன்னிக்கு வருசா வருசம் காச்சல் வருதுங்க."

கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்! பதில் சொல்ல எழுந்த அதிகாரி என்னையே கைகாட்டினார். "ஒன்பது ஆண்டுகள் அந்த மலையிலேயே இருந்தவர் இதோ திடகாத்திரமாக நிற்கிறாரே! அங்கே டாக்டர் எதற்கு?"

சபை சிரித்தது. பிறகு என்னைப் பாராட்டிக் கைதட்டியது.

'நான் அங்கே இருக்கவில்லை.' மூன்றே வார்த்தைகள்... சொல்லியிருந்தால் பதவி போயிருக்கும், மானம் போயிருக்கும். மருந்து வந்திருக்கும். நான் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த மழைக்காலத்தில் பொன்னி காய்ச்சலில் போய்விட்டாள்.

தை பிறந்ததும் ஏறிப்போய், டெல்லியில் நடந்ததை வெள்ளச்சியிடம் சொன்னேன். அவள் கேட்டாள்:

"அப்ப... நான் சொன்ன பொய்யிதானுங்களா எம்புள்ளயக் கொன்னுச்சு?"

இல்லையம்மா, என் பொய் என்று கதறியிருக்க வேண்டாமா நான்? தலையைக் குனிந்துகொண்டேன். பாவி! அந்தப் பழியையும் அவள் தலையிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

இன்றும் பதவியில் இருக்கிறேன். இன்றும் மாலைகள் விழுகின்றன. என்னைப் பற்றி எழுதுவதற்காக யாராவது மலையேறிப் போனால், அவளிடம்தான் முதலில் விசாரிக்கிறார்கள். என் பெயரால் ஓடும் அந்தப் பள்ளியை மூடிவிடக்கூடாதே என்று அவள் இப்போதும் சொல்கிறாளாம்:

"வாத்தியாரு இங்கதானுங்க இருந்தாரு."