பல்லியின் வாலும் என் நம்பிக்கையும்

கல்யாண வீடியோக்கள் எடிட் செய்யும் என் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்து வேகமாக்க ஆசைப்பட்டேன். அதற்கு முன் பிராசசர் சூட்டைக் குறைக்க, அதன்மேல் பொருத்தும் விசிறி வைத்த நல்ல ஏர் கூலர் வேண்டும். பாறசாலையில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த ஜஸ்டின், தன்னிடம் சும்மா கிடந்த பெரிய கூலரைத் தந்தான்.

"என் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள்ள அடங்குமாடே?"

"அடங்கும் மக்கா. ஒண்ணாந்தரம் சாதனம் ஆக்கும்."

பொருத்திப் பார்த்தால், கூலரின் உயரத்தால் கேபினெட்டின் பக்கக் கதவை மூட முடியவில்லை. நட்பை மதித்துத் திறந்தே வைத்து ஓட்டினேன். உள்ளே புகுந்த பல்லியின் வால் சிக்கி விசிறி நின்றது. என்னைவிட விவரமான கம்ப்யூட்டர், சூடு ஏறியதும் தானே அணைந்துகொண்டது. பல்லிக்கு வால் போயிற்று.

ஜஸ்டினைக் கூப்பிட்டேன். சிரித்தான்.

"எனக்க கேபினெட்டும் மூடல்ல மக்கா. அதான் ஒனக்குத் தந்தேன்."

இப்போது கூலரின் உயரத்தையும் கேபினெட்டின் அகலத்தையும் நானே அளக்கிறேன். ஜஸ்டின் எதையாவது புகழ்ந்தால், அதை அவன் ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று முதலில் கேட்கிறேன்.